இப்போது எந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? எங்கள் மாதக் கூடுகைக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டின் மாடிக் கூடத்தில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, இசை கேட்பதில் ஈடுபாடுள்ள பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். அந்த மாதம் அவரவர் எந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைச் சொல்வதும், அதிலிருந்து ஒரு பகுதியை எல்லோருமாக அமர்ந்து கேட்பதும்தான் அங்கே நடப்பவை. புதிதாக வர விரும்புகிறவர்கள் முன்கூட்டிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

‘இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

கடந்த மூன்று நான்கு வாரங்களுக்குள், முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை குறைந்தது மூன்று முறை நீங்கள் கேட்டிருக்கும் ஒரு தொகுப்பை. மூன்று என்ற கணக்கு எங்கள் அனுபவத்தில் வந்தது. முதல் முறை கேட்கும்போது காது தனக்குத் தெரிந்ததையே தேடிப் போகிறது. பிடித்த ஒரு மெட்டு அகப்பட்டவுடன் மற்றவை எல்லாம் அதன் நிழலில் நின்றுவிடுகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான், ஓரமாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு வயலினோ, சுமார் என்று நாம் ஒதுக்கிவைத்த ஒரு பாடலோ முன்னால் வருகிறது.

‘உங்களுக்கு மிகவும் பிடித்த ஆல்பம் எது?’ என்று நாங்கள் யாரையும் கேட்பதில்லை. அதற்கான விடை பெரும்பாலோரிடம் பல ஆண்டுகளாகத் தயாராக இருக்கிறது. சொல்லிச் சொல்லித் தேய்ந்தும் போயிருக்கிறது. ‘இப்போது’ என்று கேட்டால், நேற்றிரவு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது எந்த இடத்தில் கை தானாக நின்றது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த இடத்தைத்தான்.

திரைப்படப் பாடல்களையும் கச்சேரிப் பதிவுகளையும் ஆல்பமாகக் கொள்ளலாமா?

தாராளமாகக் கொள்ளலாம். ஆல்பம் என்ற சொல் முதலில் ஒரு பொருளின் பெயராகத்தான் இசைக்குள் வந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய அரக்கு இசைத்தட்டில், பத்து அங்குலத் தட்டாக இருந்தால், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிட இசைதான் அடங்கியது. நீண்ட படைப்பு ஒன்றை வெளியிட வேண்டுமானால் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைக் காகித உறைகளில் இட்டு, புகைப்பட ஆல்பம்போலக் கனத்த அட்டை போட்டுக் கட்டி விற்றார்கள். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடங்களுக்கு மேல் அடங்கியதால் அந்த அட்டைக் கட்டுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே, ஒருவர் யோசித்து ஒரு வரிசையில் சேர்த்துவைத்த இசை எதுவானாலும் அது எங்களுக்கு ஆல்பம்தான்.

திரைப்பட ஆல்பம் என்றால், எல்லோர் வாயிலும் இருக்கும் ஒரு பாடலை மட்டும் கேட்டுவிட்டு வராமல், ஐந்தாறு பாடல்களையும் கேட்டுவிட்டு வாருங்கள். கச்சேரிப் பதிவைப் பற்றி ஐயமே வேண்டாம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரி முறையில், தொடக்கப் பாடலான வர்ணம் தொண்டையையும் காதையும் பதப்படுத்த, நடுவில் முக்கிய உருப்படி விரிந்து, தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பின் துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்களாக இறங்கி மங்களத்தில் முடிகிறது. இவ்வளவு கவனமாக வரிசைப்படுத்தப்பட்ட ஆல்பங்கள் உலகில் அதிகம் இல்லை என்பது என் துணிபு.

இன்னொன்றையும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். 1980களிலும் 90களிலும் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட அல்லது தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிவுசெய்து தருவார்கள். உங்கள் அண்ணனோ சித்தப்பாவோ அப்படிப் பதிவுசெய்து வைத்த கேசட்டோடு நீங்கள் வளர்ந்திருந்தால், அதுவும் ஓர் ஆல்பம். அந்தப் பாடல்களில் ஒன்றை இன்று பேருந்தில் கேட்க நேர்ந்தாலும், அது முடிந்தவுடன் அந்தக் கேசட்டில் அடுத்து வந்த பாடலின் முதல் ஒலியைத்தான் காது எதிர்பார்க்கிறது. எங்கள் வட்டத்தில் ஒருவர், ஒரு குறிப்பிட்ட பாடலின் இரண்டாவது சரணத்தில் மூன்றாவது வரியோடு நிறுத்திவிடுவார். அவர் வீட்டுக் கேசட்டில் ஏ பக்கத்து நாடா அங்கே தீர்ந்துபோனதாம். மீதி வரிகளை முப்பது வயதுக்கு மேல்தான் முதன்முதலாகக் கேட்டதாகச் சொன்னார்.

வரிசையாகத்தான் கேட்க வேண்டுமா? பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்டால் என்ன குறை?

இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். காரணத்தை இரண்டு ஆல்பங்களைக் கொண்டு சொல்கிறேன்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ 1986இல் வெளிவந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதில் ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, ‘அண்ட் வி ஹேட் எ டாக்’ என்று மூன்று பகுதிகள் அடுத்தடுத்து வருகின்றன. தலைப்புகளைச் சேர்த்துப் படித்தாலே ஒரு நிகழ்ச்சி தெரிகிறது: வாத்திய அறை தியாகராஜரை வரவேற்கிறது, என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன், பிறகு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். நடுப்பகுதியில் பாக் எழுதிய வயலின் பார்ட்டிட்டா (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை) ஒன்றின் முகப்பிசை வருகிறது. விருந்தாளி தம் மொழியிலேயே பேசுகிறார். வீட்டுக்காரர் குறுக்கே பேசாமல், அந்தப் பேச்சைச் சுற்றித் தம் இசையை எழுதுகிறார். இதைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால்தான் ‘பேசிக்கொண்டிருந்தோம்’ என்பதில் இருக்கும் அந்நியோன்னியம் புரியும். கலைத்துப் போட்டால், சந்திப்பதற்கு முன்பே பேச்சு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, 1967இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’. சிவகுமார் சர்மாவின் சந்தூர் (சிறு குச்சிகளால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்), ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார் ஆகிய மூன்றும் சேர்ந்து காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளைச் சொல்கின்றன. காலைக்குரிய ஆஹிர் பைரவ் ராகத்தில் விடிந்து, பீலு, பூப், தேஷ் ராகங்களில் பொழுது சாய்ந்து, பஹாடியில் அடங்குகிறது. இதன் வரிசையை மாற்றுவது, சூரியனை இடம் மாற்றி வைப்பதற்குச் சமம்.

கூடுகையில் எவ்வளவு நேரம் பேச வேண்டும்? என்ன சொல்ல வேண்டும்?

பத்து நிமிடங்கள் போதும். அதில் பாதி, இசையைக் கேட்பதற்கு. ஆல்பத்தின் பெயர், பாடியவர்கள் அல்லது வாசித்தவர்கள், வெளிவந்த ஆண்டு, அது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, உங்கள் காது நின்ற ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அருமை’, ‘அபாரம்’, ‘உலகத் தரம்’ போன்ற சொற்கள் எங்களுக்கு எதையும் காட்டித் தருவதில்லை. ‘இரண்டாவது பாடலின் இடையிசையில் வயலின்கள் எல்லாம் நின்றபின் புல்லாங்குழல் மட்டும் ஒரு மூச்சு கூடுதலாக நிற்கிறது, அந்த ஒரு மூச்சுக்காகவே நான்கு முறை பின்னால் போனேன்’ என்று ஒருவர் சொன்னால், அறையில் இருக்கும் அத்தனை பேரும் அந்த மூச்சுக்காகக் காத்திருந்து கேட்கிறார்கள்.

எனக்கு ராகமும் தாளமும் தெரியாது. நான் பேசலாமா?

கட்டாயம் பேச வேண்டும். ராகப் பெயரைச் சொல்வது ஒரு வசதி. தெரிந்தவர்களுக்கிடையே சில நிமிடப் பேச்சை அது மிச்சப்படுத்துகிறது, அவ்வளவே. பெயர் தெரியாதவர்கள் தாங்கள் கேட்டதை வர்ணித்தே தீர வேண்டியிருப்பதால், பல சமயங்களில் அவர்களுடைய பேச்சு எங்களுக்கு அதிகம் பயன்படுகிறது. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஆலாபனை ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது, “படி ஏறும்போது மேல் படியில் காலை வைத்துவிட்டு, எடையை மட்டும் கீழ்ப்படியிலேயே வைத்திருக்கிறமாதிரி இருந்தது” என்றார். மேல் ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு அதில் நிலைக்காமல் திரும்பும் அந்தக் கமகத்தைப் பற்றி அதைவிடத் துல்லியமாக நான் எங்கும் படித்ததில்லை.

எந்தப் பதிப்பைக் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டுமா?

வேண்டும். இதை நாங்கள் கற்றுக்கொண்ட மாலை நன்றாக நினைவிருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959இல் வெளிவந்த ஜாஸ் ஆல்பம். ஒருவர் தம் மாமா விட்டுச்சென்ற பழைய எல்.பி. தட்டைக் கொண்டுவந்திருந்தார், வேறொருவரிடம் அதே ஆல்பத்தின் சமீபத்திய குறுந்தகடு இருந்தது. தட்டின் முதல் பக்கத்தைக் கேட்டு முடித்துவிட்டு, அதே பகுதியைக் குறுந்தகட்டில் போட்டபோது, கர்நாடக வயலின் கற்றுத்தரும் அம்மா ஒருவர் முகத்தைச் சுளித்தார். “சுருதி இறங்கியிருக்கிறதே” என்றார். எங்களில் யாருக்கும் அது கேட்கவில்லை. அவர் பையிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்து, தட்டின் ஆதார சுருதிக்கு அதைத் திருகிச் சேர்த்து, குறுந்தகட்டோடு மறுபடி ஒலிக்கவிட்டார்; இரண்டும் ஒட்டாமல் உரசுவது அப்போது எல்லோர் காதிலும் விழுந்தது.

அவர் சொன்னது சரி. அந்த ஆல்பத்தின் முதல் மூன்று பகுதிகள் 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவானவை. அன்று மூல நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது இசை சற்று விரைந்து, சுருதியும் கொஞ்சம் ஏறி ஒலித்தது. ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தப் பிழை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தட்டுகள் அப்படியே விற்பனையாயின. 1992இல் வந்த மறுபதிப்பில்தான் சுருதி சரிசெய்யப்பட்டது. மாமாவின் தட்டும் நண்பரின் குறுந்தகடும் ஒரே ஆல்பம்தான். ஆனால் அதனோடு சேர்ந்து வாசிக்க முயன்ற எத்தனையோ பேர், தங்கள் வாத்தியத்தின் மேல் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த மாலைக்குப் பிறகு, எந்தப் பதிப்பு என்று எங்கள் குறிப்பேட்டில் தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்.

வாசித்தவர்களின் பெயரை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

செல்பேசியில் கேட்கும்போது, பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் திரையில் தெரிகிறது. எல்.பி. உறையின் பின்பக்கத்திலும், கேசட்டின் உள்ளே மடித்துவைத்த அட்டையிலும் வாத்தியக்காரர்களின் பெயர்கள் பொடி எழுத்திலாவது இருந்தன. மேலே சொன்ன ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பத்தில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அந்த வயலினைத் தம் வாழ்க்கையின் பகுதியாக வைத்திருப்பவர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பதை எங்கள் கூடுகையில் பலமுறை பார்த்திருக்கிறேன். வில்லைப் பிடித்த கைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்து அறையில் ஒருமுறை உரக்கச் சொல்வது, கேட்கிறவர்களாகிய நாம் செய்யக்கூடிய சிறிய மரியாதை. தேட முடியவில்லை என்றால் வெறுங்கையோடு வாருங்கள், சேர்ந்து தேடலாம்.

நான் சொல்லும் ஆல்பம் மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டால்?

பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதையும் ஓர் இடத்தைச் சுட்டித்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. இந்தப் பாடகர் பெரியவரா அந்தப் பாடகர் பெரியவரா என்ற வாதம் தொடங்கினால், வீட்டுக்காரர் காபி கொண்டுவந்துவிடுவார்.

விலை உயர்ந்த ஒலிக்கருவி தேவையா?

தேவையில்லை. காதில் மாட்டும் சாதாரண ஹெட்போனே போதும். பேசிக்கொண்டே கேட்காமல் இருப்பது அதைவிட முக்கியம்.

பிடித்த ஆல்பத்துக்குப் பிரதி எடுத்துத் தருவீர்களா?

தருவதில்லை. இந்தியச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 1967இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’க்கு 2027 முடியும் வரை உரிமை உண்டு. தட்டையோ குறுந்தகட்டையோ ஒரு மாதத்துக்கு இரவல் தருவோம். குறிப்பேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச்செல்லலாம்.

நான் இதுவரை ஓர் ஆல்பத்தையும் முழுதாகக் கேட்டதில்லை. எதிலிருந்து தொடங்குவது?

கேட்டதில்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் உங்கள் காதில் விழுந்திருக்கும். சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என்ற அதன் வரிசையில், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தின் நடை மாற்றம், பொருள் தெரியாதவர்களுக்குக்கூட மனப்பாடம். ஆல்பம் கேட்கும் பழக்கம் உங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

புதிதாக ஒன்று வேண்டுமானால், நான் பெரும்பாலும் ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ ஆல்பத்தைத்தான் கையில் கொடுப்பேன். அமெரிக்கக் கிடார் கலைஞர் ரை கூடரும், கிடாரை மாற்றியமைத்து உருவான மோகன வீணையை வாசிக்கும் விஸ்வ மோகன் பட்டும் 1992இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ஒரு சிற்றாலயத்தில் வாசித்துப் பதிவுசெய்து, 1993இல் வெளியிட்டது. மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. பதிவுக்குச் சற்று முன்புதான் இருவரும் முதன்முதலாக நேரில் சந்தித்துக்கொண்டார்கள். நான்கே பகுதிகள், மொழி தெரிய வேண்டிய அவசியமில்லை. முன்பின் அறியாத இருவர் ஒருவர் பேச்சை ஒருவர் எப்படிக் கேட்டுப் பழகுகிறார்கள் என்பது முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் இடையே கேட்கும். வேகம் வேண்டும் என்பவர்களுக்கு எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ (2007) இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்த லண்டன் தமிழ்ப் பெண், தம் தாயின் பெயரையே தலைப்பாக வைத்தது. அதில் ‘பேர்ட் ஃப்ளூ’ பாடலில் உறுமி முழங்கும்போது, நம் தெருவில் கேட்ட ஒலி உலகத்தின் நடனத் தளத்தில் நிற்பதைக் கேட்கிறோம்.

இந்த மாதம் நீங்கள் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

2024 டிசம்பரில் தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன் மறைந்த நாள்முதல், இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்து அவர் வாசித்த சக்தி குழுவின் ஆல்பங்களுக்கு அடிக்கடி திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த மாதமும் அப்படித்தான்: அவர்களுடைய முதல் ஆல்பத்தையும், 2023இல் வந்த ‘திஸ் மொமெண்ட்’ ஆல்பத்தையும் மாறிமாறிக் கேட்கிறேன். முதல் ஆல்பம் 1975 ஜூலையில் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்தது. கிடார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வயலின் வாசித்த எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துவந்த வி. லட்சுமிநாராயணாவின் மகன், 1958 கலவரத்துக்குப் பின் சென்னைக்கு வந்துசேர்ந்த குடும்பம் அது. ஜாகிர் உசேனின் தபலாவோடு, ராம்நாடு ராகவனின் மிருதங்கமும் டி.எச். விநாயக்ராமின் கடமும் சேர்ந்துகொண்டன.

முதல் பகுதியான ‘ஜாய்’ பதினெட்டு நிமிடங்கள் மூச்சுவிடாமல் ஓடுகிறது. அது முடிந்து ‘லோட்டஸ் ஃபீட்’ மெதுவாகத் தொடங்கும் இடத்தில்தான் இந்த மாதம் முழுவதும் என் காது நின்றுகொண்டிருக்கிறது. அவ்வளவு வாசித்த அதே கைகள் இவ்வளவு குறைவாக வாசிக்கின்றன.

நாற்பத்தேழு ஆண்டுகள் தள்ளி வந்த ‘திஸ் மொமெண்ட்’டில் கஞ்சிரா வாசிப்பவர் செல்வகணேஷ், விநாயக்ராமின் மகன். ஜாகிர் உசேனின் தபலா இரண்டிலும் இருக்கிறது. வரும் ஞாயிறு, தந்தையின் கடம் ஒலிக்கும் ஒரு பகுதியையும் மகனின் கஞ்சிரா ஒலிக்கும் ஒரு பகுதியையும், நடுவில் ஒன்றும் பேசாமல், அடுத்தடுத்துப் போடுவதாக இருக்கிறேன். ஐந்தரை மணிக்குத் தொடங்குவோம். செருப்பைக் கீழ்ப்படியில் விட்டுவிட்டு மேலே வாருங்கள்.